நாக்கின் வலது ஓரம்

ஜூன் 27, வெள்ளி

வண்ணார்பேட்டை மண்டபத்தில் வேலை. பெண் நல்ல உயரம், மடிப்பு எடுக்கச் சுகமாக இருந்தது. அம்மாக்காரிதான் நச்சு. "பார்டர் தரையில உரசுது, பார்டர் தரையில உரசுது" என்று சுற்றிச் சுற்றி வந்தாள். என் வாய்க்குள் ஐந்து ஊக்கு இருந்ததால் பிழைத்தாள். இல்லையென்றால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

கனத்த பட்டுக்கென்று புதிதாக ஊக்கு வாங்கியிருக்கிறேன். பெரியது, நல்ல பிடி. தலைப் பக்கம் கொஞ்சம் சொரசொரப்பு. போகப் போகச் சரியாகிவிடும்.

"ஏட்டி தங்கம், உன் வாயில ஊக்கு இருக்கக்கொண்டுதான் நம்மள நாலு எடத்துல கூப்பிடுதாவ" என்றாள் வடிவு மைனி. மைனி என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் இரண்டு வீடும் அடுத்தடுத்து. கல்யாணப் பெண்ணுக்கு நான் சேலை கட்டுவேன், அவள் ஜடை வைப்பாள். பாளையங்கோட்டையில் எங்களைத் தனித்தனியாக யாரும் கூப்பிட்டதில்லை. அவள் சொல்வதும் நியாயம்தான். எனக்குத் தங்கபுஷ்பம் என்று பெயர் வைத்தவர்கள் என் வாயை மனதில் வைத்துக்கொண்டு வைக்கவில்லை.

பந்தியில் மாங்காய் ஊறுகாயைத் தொட்டதும் நாக்கின் வலது ஓரம் சுரீர் என்றது. எப்போதோ கடித்துக்கொண்டேன் போல. நாக்கைக் கடித்தால் யாரோ திட்டுகிறார்கள் என்று அர்த்தம். பார்டர் அம்மாவாகத்தான் இருக்கும்.

ஜூலை 2, புதன்

இன்னும் காந்துகிறது. மெடிக்கலில் பி காம்ப்ளக்ஸ் வாங்கிப் போட்டேன். மூத்திரம் மஞ்சளாகப் போனதுதான் மிச்சம்.

இவர் மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்தால் வைத்துக்கொள்ளும் ஷேவிங் கண்ணாடியை எடுத்து, செல்போன் வெளிச்சத்தில் நாக்கைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு அரிசி நீளத்துக்கு வெள்ளை. அதைச் சுற்றிச் சிவப்பு.

புண்ணை விடவும் நாக்கைத்தான் அதிக நேரம் பார்த்தேன். நாற்பத்தெட்டு வருஷமாக என்கூடவே இருக்கிறது, இதை நேராகப் பார்த்ததே இல்லை. மேலே பூராவும் பூப்பூவாக, டவல் துணி மாதிரி. அசையாமல் இரு என்றால் இருக்க மாட்டேன் என்கிறது. நான் ஒன்று நினைக்க, அது ஒன்று செய்கிறது. அடியில் நீலமாக இரண்டு நரம்பு. எனக்கு மெய்யாகவே ஆச்சரியமாகப் போய்விட்டது. வாய்க்குள் இப்படி ஒரு ஆள் குடியிருப்பது தெரியாமல் இத்தனை காலம் சாப்பிட்டிருக்கிறேன், பேசியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன்.

பயம் ஒன்றும் இல்லை. சும்மாதான் பார்த்தேன். சாயங்காலம் வெளிச்சம் நன்றாக இருந்ததால் இன்னொரு தடவையும் பார்த்தேன்.

ஜூலை 7, திங்கள்

மேலப்பாளையம் போகிற வழியில் ஒரு சின்ன மண்டபம். முகூர்த்தப் பட்டு, பிறகு வரவேற்புக்கு வேறு சேலை. இரண்டுக்குமாகப் பாதி நாள் வாயில் ஊக்கோடுதான் நின்றேன். பெண் அழுதது, சிரித்தது, பழைய கதை ஒன்று சொன்னது. எல்லாவற்றுக்கும் "ம்". என் வாய் அடைத்திருப்பதைப் பார்த்தால் பெண்களுக்கு எங்கிருந்துதான் பேச்சு வருமோ. பெற்ற அம்மாவிடம் சொல்லாததை எல்லாம் சொல்வார்கள்.

மைனியிடம் புண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது, வாய்ப்புண்.

சரி, இங்கேயாவது எழுதிவைக்கிறேன். மைனியின் வீட்டுக்காரர், எனக்கு அண்ணாச்சி முறை, வாயில் புகையிலை இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே கிடையாது. அவருக்கும் நாக்கு ஓரத்தில்தான் ஆரம்பித்தது. வாய்ப்புண் என்று தேன் தடவிக்கொண்டு இருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அது புற்றாக முற்றிவிட்டது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். காலையில் நான் தோசை ஊற்றும்போது அந்தப் பக்கம் அவர் குரல் கேட்கும். "ஆறிட்டா, வடிவு?" மைனி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொல்வாள், "ஆறிட்டு. நல்லா ஆறிட்டு." பாதி நாக்கை எடுத்த பிறகு அவர் குரல் கேட்பது நின்றுபோனது. கையால் வாயைக் காட்டிக் கேட்பாராம். மைனியின் பதில் மட்டும் நிற்கவில்லை. அவர் போகிற வரைக்கும் தினமும் காலையில், "ஆறிட்டு. நல்லா ஆறிட்டு."

அப்படிப்பட்டவளிடம் போய், மைனி எனக்கும் நாக்கில் என்று எந்த வாயால் சொல்வேன்.

ஜூலை 13, ஞாயிறு

இரண்டு கல்யாணம். காந்தல். ரசம்கூட இறங்கவில்லை, வெறும் தயிர்ச் சாதம்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

ஆடி பிறந்ததும் கல்யாணம் ஓய்ந்தது, வீட்டு வேலை வந்தது. சவுரி முடியை எல்லாம் சீயக்காய் போட்டு அலசிக் கொடியில் தொங்கவிட்டேன். தபால்காரர் பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் போனார். பின்கட்டுக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் போட்டுத் தினமும் சாப்பிடுகிறேன். நம்ப முடியாத குணம். புண் சுருங்கிக் கடுகாகிவிட்டது. எதிர்வீட்டுச் சந்தனமாரிக்குச் சொன்னேன், மாவுமில் அக்காவுக்குச் சொன்னேன். இந்தத் தெருவில் யார் வாயிலும் இனிப் புண் வராது.

மத்தியானம் மைனி அண்ணாச்சிக்குப் படைத்தாள். காக்கைக்கு வைத்த இலையில் பருப்பும் நெய்யும் வெறும் வாழைக்காயும்தான். மிளகாய் கிள்ளிப் போட்டது ஒன்றுகூட இல்லை. "என்ன மைனி, துவையல் அரைக்கலையா?" என்று கேட்டுவிட்டேன். "அவியளுக்குக் காரம் ஆகாதுல்லா" என்றாள்.

போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் அந்த நாக்குக்குக் காரம் ஆகாது. நான் காக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதே சாப்பாட்டை எனக்கும் ஒரு தூக்குவாளியில் போட்டுக் கொடுத்துவிட்டாள். "நீயும் இதையே சாப்பிடு" என்றாள். படைத்த சாப்பாடு, வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. பதினெட்டாம் பெருக்கு

காரக்குழம்பு சாப்பிட்டேன். நாக்கு சத்தம் காட்டவில்லை. கீரைக்குக் கோயில் கட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆவணி பிறந்ததிலிருந்து மூச்சுவிட நேரமில்லை. அடைத்துவைத்த கல்யாணம் எல்லாம் ஒன்றாகத் திறந்துவிட்டது.

வலது ஓரம் திரும்பவும் கிளம்பிவிட்டது. அதே இடம். முன்னைவிடப் பெரிது. கீரையை மூன்று வேளையும் தின்று பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. மாசிக்காயை உரசித் தடவினேன், வாயே கசந்து சுருங்கிப்போனது.

அண்ணாச்சிக்கும் ஒரு தடவை நன்றாகிவிட்டுத் திரும்பி வந்தது என்று ஞாபகம். நல்ல ஞாபகம் இல்லை. மைனியிடம் கேட்டால் தெரியும். எப்படிக் கேட்பது?

இவர் வீடியோவில் வந்தார். "ஏன் ஒரு பக்கமா பேசுத?" என்று கேட்டார். சிக்னல் கோளாறு என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பிளவுஸ் வாங்கத் தையல் கடைக்குப் போகிறேன் என்று மைனியிடம் சொல்லிவிட்டு, முருகன்குறிச்சியில் பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா ஷைனி, சின்ன வயசு, நாகர்கோவில் பக்கம். தோளில் துப்பட்டா சரியாக நிற்கவில்லை. அதைச் சொல்லப் போன இடம் இல்லை என்பதால் சும்மா இருந்தேன்.

வலது பக்கப் பல்லை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கூர் எதுவும் இல்லை, உடைந்தது இல்லை. புகையிலை உண்டா, வெற்றிலை உண்டா, சுகர் உண்டா. கொதிக்கக் கொதிக்கக் காபி குடிப்பீர்களா. "பென்சில், குச்சி, பாக்கு, இப்பிடி எதையாவது அடிக்கடி வாயில வச்சுக்கிடுவீங்களா?" என்றார்.

"நான் வாயில எதையும் வைக்கிறதில்ல டாக்டரம்மா" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். ஆனியில் வந்தது, ஆடியில் கீரை தின்று போனது, ஆவணியில் திரும்பி வந்தது என்றேன். தமிழ் மாதக் கணக்கில் நாக்குப் புண்ணைச் சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறாராம்.

பிறகு பேனா மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் விட்டார். எதிரே இருந்த டிவியில் என் நாக்கு வந்தது. ஒரு சுவர் அகலத்துக்கு. ஷேவிங் கண்ணாடியில் டவல் என்று நினைத்தேனே, அது என்ன கணக்கு. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக எழும்பி நிற்கிறது, நடுவில் எச்சில் மின்னுகிறது, ஓரத்தில் மடிப்பு மடிப்பாக விசிறி வைத்த மாதிரி. நான் எத்தனை பட்டில் எத்தனை மடிப்பு எடுத்திருப்பேன், இவ்வளவு ஒழுங்காக ஒன்று வந்ததில்லை. அந்த ஒழுங்கின் நடுவில் புண் குழியாக, வெள்ளையாக. இவ்வளவு பெரிய வேலைப்பாடு கெட்டுப்போகிறதே என்றுதான் எனக்கு அழுகை வந்தது. எனக்கு என்ன ஆகுமோ என்று இல்லை. கொஞ்சம் அதுவும்தான்.

"ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ண சும்மா விடக்கூடாதும்மா. காரணம் தெரியல. வியாழக்கெழம வாங்க. ஒரு சின்னத் துணுக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிப் பாத்துருவோம்" என்றார்.

"புத்துநோயா?" என்று கேட்டேன். வார்த்தை எப்படி வந்ததென்று தெரியவில்லை.

"அது இல்லன்னு தெரிஞ்சுக்கத்தான் பாக்குறோம். பாத்துட்டா நீங்களும் தூங்கலாம், நானும் தூங்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் மைனி, "பிளவுஸ் எங்க?" என்றாள். தைத்து முடிக்கவில்லை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வேறு கேள்வி இருந்த மாதிரி எனக்குப் பட்டது. எல்லாம் என் மனசுதான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்றைக்கு நடந்ததை நினைத்தால் சிரிப்பு ஒரு பக்கம், நடுக்கம் ஒரு பக்கம். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

டாக்டரம்மா வீட்டில் காலையில் யாருக்கோ கல்யாணம். மத்தியானம் அப்படியே பட்டுச்சேலையோடு வந்துவிட்டார். நல்ல மயில்கழுத்துப் பச்சை. கட்டியவர் யாரோ, கை முறிய. முந்தி தோளில் ஒற்றைக் குண்டூசியில் ஊசலாடிக்கொண்டிருந்தது. என்னைச் சாய்நாற்காலியில் படுக்கவைத்து, ஊசியும் கத்தியும் இருந்த தட்டை எடுத்துவைத்துக் குனிந்தார். முந்தி சரிந்து தட்டில் விழுந்தது. நர்ஸ் எடுத்து இடுப்பில் செருகினாள். திரும்பக் குனிந்தார், திரும்ப விழுந்தது. மூன்றாவது தடவை என் முகத்திலேயே விழுந்தது.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "டாக்டரம்மா, ஒரு நிமிசம் நான் எந்திக்கட்டுமா?" என்று கேட்டு, அவர் சரி சொல்வதற்குள் எழுந்துவிட்டேன். என் தாலிக்கொடியில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும், இப்போது தொங்குவது அந்தப் புது ஊக்கு. கழற்றி வாயில் போட்டுக்கொண்டு, அவர் முந்தியை முழுக்க உருவி, ஐந்து மடிப்பு எடுத்து, தோளில் ஒன்று, முதுகில் ஒன்று, இடுப்பு ஓரத்தில் ஒன்று குத்தினேன். கத்தியைப் பற்றிய பயம்கூட அந்த நேரத்தில் இல்லை. நர்ஸ் "அய்யோ சூப்பர்க்கா" என்றாள்.

டாக்டரம்மா மடிப்பைப் பார்க்கவே இல்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடியே நில்லுங்க. எதையும் எடுக்காதீங்க. வாயத் தொறங்க" என்றார்.

திறந்தேன். மிச்சம் இரண்டு ஊக்கு உள்ளே இருந்தது. வலது பக்கம், பல்லுக்கும் நாக்குக்கும் நடுவில். கேமராவை விட்டார். டிவியில் நானும் பார்த்தேன். ஊக்கின் சுருட்டைத் தலை போய், குழியில் கோலிக்குண்டு உட்கார்ந்த மாதிரி, அந்தப் புண்ணிலேயே உட்கார்ந்திருந்தது.

 டாக்டரம்மா ஒரு ஊக்கை எடுத்துத் தலைப்பக்கத்தில் கையுறை விரலை ஓட்டினார். உறை கிழிந்தது.

"வாயில எதையும் வைக்கிறதில்லன்னு சொன்னீங்களேம்மா?"

"ஊக்குல்லா அது" என்றேன்.  கையில் இருக்கும் விரலை யாராவது, கையில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டால் சொல்வோமா.

"ஆடியில ஆறிச்சுன்னு சொன்னீங்க. ஆடியில கல்யாணம் உண்டா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீரை இல்லை. கீரைக்கு இதில் சம்பந்தமே இல்லை. தெருவுக்கே சொல்லிவைத்திருக்கிறேன், மானம் போகப்போகிறது.

டாக்டரம்மா தட்டை மூடிவைத்தார். "இன்னைக்கி வேண்டாம். ரெண்டு வாரம் வாயில ஒரு ஊக்கு போகக்கூடாது. உரசினதால வந்ததுன்னா தானா ஆறிடும். காரம், சூடு வேண்டாம், உப்புத் தண்ணியில கொப்பளிங்க, தடவ மருந்து தாறேன். ஆறலன்னா துணுக்கு எடுத்தே ஆகணும். அப்ப எந்திரிச்சு எனக்குச் சேலை கட்டப்படாது."

அதாவது, இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன். ஊக்கு உரசியிருக்கலாம், உள்ளே வேறு ஒன்றும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மைனியிடம், பல் தேய்கிறதாம், வாயில் ஊக்கு வைக்கக் கூடாது என்று பல் டாக்டர் சொன்னார் என்று பாதி உண்மை சொன்னேன். "ம்" என்றாள், அவ்வளவுதான்.

இன்றைக்கு மண்டபத்தில் பார்த்தால், அவள் முந்தியில் வரிசையாக ஊக்கு குத்திக்கொண்டு வந்திருக்கிறாள், போலீஸ்காரர் மெடல் குத்தின மாதிரி. ஜடையை நான் வருவதற்கு முன்பே முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் கையை நீட்டினால் திறந்த ஊக்கு உள்ளங்கையில் இருக்கும். தலைப்பக்கம் என் பக்கமாக, கூர் அவள் பக்கமாக.

இருந்தும் வேலை ஓடவில்லை. ஒவ்வொரு மடிப்புக்கும் நாக்கு தானாக வலது பக்கம் போய்த் தேடுகிறது. யோசித்துப் பார்க்கிறேன். இருபது வருஷமாக ஐந்து ஊக்கை இருட்டில் வைத்துக்கொண்டு, எது பெரிது எது சின்னது என்று பிரித்து, ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளிக் கொடுத்தது இந்த நாக்கு. ஒரு தடவைகூடக் குத்திக்கொண்டதில்லை, ஒன்றைக்கூட விழுங்கவிடவில்லை. அப்பேர்ப்பட்ட வேலைக்காரியை நான் ஒரு நாளாவது நினைத்தேனா. எல்லாரும் என் கையைத்தான் புகழ்ந்தார்கள், நானும் கையைத்தான் நம்பினேன்.

வாய் காலியாக இருந்ததால் பெண்ணிடம் பேசிக்கொண்டே கட்டினேன். மாமியாரிடம் எப்படி நடக்க வேண்டும், எதற்கு வளைந்துகொடுக்க வேண்டும், எதற்கு வளையக்கூடாது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை, "அக்கா, கொஞ்சம் சும்மா இருக்கீங்களா, எனக்குப் படபடன்னு வருது" என்றது. மைனி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினாள்.

செப்டம்பர் 4, வியாழன்

பஸ்ஸில் வரும்போது மைனி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எந்தப் பக்கம்?"

"என்ன மைனி?"

"நாக்குல. எந்தப் பக்கம்?"

 "வலது" என்றேன்.

"நுனியா, ஓரமா?"

"ஓரம்."

"தொட்டா கெட்டியா இருக்கா, மெத்துன்னு இருக்கா?"

"மெத்துன்னுதான்."

"காது வலிக்கா அந்தப் பக்கம்? முழுங்கும்போது?"

"இல்ல."

அவள் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. ஒவ்வொரு கேள்வியையும் அவள் எங்கே படித்தாள் என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சியிடம் ஆஸ்பத்திரியில் கேட்ட வரிசை.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ஆனியில. வண்ணார்பேட்டை பந்தியில ஊறுகாயத் தொட்டுட்டு வச்சிட்ட. மறுபடி எடுக்கல." பிறகு, "நானா கேட்டா நீ ஆமான்னு சொல்லிருவியோன்னு இருந்துச்சு. அதான் கேக்கல" என்றாள்.

அப்படியென்றால் அமாவாசைச் சாப்பாடு காக்கைக்கு மட்டும் வைத்ததில்லை. நான் ஒளித்துக்கொண்டு திரிந்தேன், அவளும் ஒளித்துக்கொண்டு எனக்குக் காரமில்லாமல் ஆக்கிப் போட்டிருக்கிறாள். ஊக்கு விஷயம், டாக்டரம்மாவின் முந்தி எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

வீட்டு வாசலில், "ஒரு தடவ நீங்க பாத்துச் சொல்லுங்க மைனி, எனக்குக் கண்ணாடியில சரியாத் தெரியல" என்றேன்.

"என்னால முடியாதுட்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கேட்டிருக்கக் கூடாது.

செப்டம்பர் 6, சனி

கண்ணாடியை எடுத்து அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டேன். இனி டாக்டரம்மா பார்த்தால் போதும். உப்புத் தண்ணி, மருந்து, தயிர்ச் சாதம். பிளம்பர் வந்து குழாயை மாற்றினார். நின்றது.

செப்டம்பர் 8, திங்கள்

பழக்கம் எப்படிப்பட்ட சனியன். பெண்ணுக்கு இடுப்பு மடிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, என்னை அறியாமல் ஒரு ஊக்கை வாயில் வைத்துவிட்டேன். மைனி எங்கிருந்து பார்த்தாளோ, பாய்ந்து வந்து, சம்பந்தி வீட்டார் எல்லாரும் நிற்க, என் வாய்க்குள் விரலை விட்டு அதை எடுத்தாள். "துப்பு" என்றாள், பிள்ளையிடம் சொல்வது மாதிரி.  அவள் விரலில் எண்ணெயும் மல்லிகையும் மணத்தது.

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் மைனி, "நானும் வரட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். அந்த நாற்காலியையும் அந்த வெளிச்சத்தையும் அவள் திரும்பப் பார்க்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் ஒரு ஆள்தான் இருந்தார். அந்த நேரத்தில் என் நாக்கு என்னவெல்லாம் செய்யும் என்று மனசுக்குள் பார்த்துக்கொண்டேன். ரசத்தில் உப்புப் பார்க்கும். இவரைப் பெயர் சொல்லாமல் "ஏங்க" என்று கூப்பிடும். மைனியை வம்புக்கு இழுக்கும். இது எதுவும் இல்லாமல் ஒரு வீட்டில் எப்படி இருப்பது? அண்ணாச்சி இருந்தாரே என்றும் நினைத்தேன்.

டாக்டரம்மா கேமராவை விட்டார். டிவியில் நாக்கு வந்தது. நான் புண்ணைத் தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை. அவரே சுட்டிக்காட்டினார். குழி இருந்த இடத்தில் வழவழவென்று புதுத் தோல், மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் இளஞ்சிவப்பு. அதன்மேல் சின்னச் சின்னதாகப் புள்ளிகள் திரும்ப முளைக்க ஆரம்பித்திருந்தன. விரலால் அழுத்திப் பார்த்தார், கழுத்திலும் தாடை அடியிலும் தடவிப் பார்த்தார்.

"ஆறிடுச்சு. துணுக்கு எடுக்க வேண்டாம். ஊக்குதான்" என்றார். "ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ வந்து காட்டுங்க. இனி எந்தப் புண் வந்தாலும் கீரை தின்னுட்டு இருக்காதீங்க. ஆறலன்னா உடனே வந்துரணும்."

யாரும் தைக்கவில்லை, ஒட்டுப்போடவில்லை. நான் உரசாமல் விட்டேன், அவ்வளவுதான். மிச்சத்தை அதுவே செய்துகொண்டது. அந்த டிவியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. கும்பிட வேண்டும்போல இருந்தது. நர்ஸ் இருந்ததால் கும்பிடவில்லை.

ஆட்டோ வீட்டு வாசலில் நிற்கும்போது மைனி வெளியே நின்றுகொண்டிருந்தாள். கையில் டார்ச். அண்ணாச்சி காலத்து டார்ச், அந்தப் பித்தளை நிறத்து நீள டார்ச். பேட்டரி புதிதாக வாங்கிப் போட்டிருக்க வேண்டும்.

நான் சொல்ல வாயெடுத்தேன். "சொல்லாத" என்றாள். "தொற."

வாசற்படியிலேயே வாயைத் திறந்து நின்றேன். டார்ச்சை அடித்தாள். ஒரு கையால் என் தாடையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து, வலது ஓரம், இடது ஓரம், நாக்குக்கு அடியில் என்று தேடினாள். அவள் கண் விரிந்து, ஈரமாக, இமைக்காமல் இருந்தது. தெருவில் போன சந்தனமாரி நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

"ஆறிட்டு" என்றாள் மைனி. "நல்லா ஆறிட்டு."

எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட குரல் ஞாபகம் வந்துவிட்டது. அவளுக்கும் வந்திருக்கும். டார்ச்சை அணைக்காமல் என் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எத்தன தடவ சொல்லிருப்பேன் இத. ஒரு நாளும் பாத்துட்டுச் சொல்லலட்டி. முடியல என்னால. வெளிச்சத்த அடிச்சுட்டு நான் கண்ண மூடிக்கிடுவேன்."

பிடித்திருந்த என் தாடையை விட்டாள்.

"அவிய வாயத் தொறந்துக்கிட்டு எம்மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு இருப்பாவ. நான் கண்ண மூடிட்டுத்தான் சொல்லுதேன்னு அவியளுக்குத் தெரியும். தெரிஞ்சும் தெனமும் கேட்டாவ."

டார்ச்சை அணைத்து முந்தியில் துடைத்தாள். "வா, சாப்பிடலாம். எலுமிச்சங்கா ஊறுகா எடுத்து வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் வாயை மூடக்கூடத் தோன்றாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.